மகேந்திரராஜா அங்கிள் பார்த்த பன்னிரண்டாவது வீடு

சிட்னியின் டூங்கபியில் வீடு வாங்க நினைக்கிற தமிழ்ச் சனம் வங்கிக்குப் போகுமோ இல்லையோ, மகேந்திரராஜா அங்கிளிடம் கட்டாயம் போகும். அவர் கட்டடம் படித்தவரல்லர். முப்பது வருடம் ரெயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறார். அதற்குள் மட்டக்கோல், திசைகாட்டி, டோர்ச் லைட், பிள்ளைகள் உருட்டி விளையாடுகிற கண்ணாடிப் போளை ஒன்று. பார்க்கப்போன வீட்டுத் தரையில் போளையை வைத்துவிட்டுக் கையை எடுப்பார். போளை உருண்டால் வீடு சரிவு. உருளாவிட்டால் வாசல் பிழை. வாசலும் சரியென்றால் குசினி பிழை. இதுவரைக்கும் பதினொரு வீடு பார்த்திருக்கிறார். பதினொன்றுக்கும் "வேண்டாம்" என்றுதான் சொன்னார்.

அப்படிப்பட்ட மனிசனைத்தான் சுகிர்தன் தானாகவே தேடிப்போய்க் கூப்பிட்டான். தெரியாமல் கூப்பிடவில்லை, நன்றாக யோசித்துத்தான் கூப்பிட்டான். அவனுக்கு அந்த "வேண்டாம்" தேவைப்பட்டது.

விசயம் இதுதான். அவனுடைய மனைவி சுஜீவா ஒரு படகு பார்த்துவிட்டாள். சனி ஞாயிறில் மீன்பிடிக்கப் போகிற படகல்ல, குடியிருக்கிற படகு. சிட்னிக்கு வடக்கே, ஹோக்ஸ்பரி ஆற்றின் ஒரு கிளையில், புரூக்ளினுக்குக் கிட்ட ஒரு படகுத்துறையில் கட்டிக் கிடந்தது. இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடுகிற மாதிரியான ஒடுங்கிய இரும்புப் படகு. நீளம் பதினைந்து மீற்றர், அகலம் இரண்டு மீற்றரை விடக் கொஞ்சம் கூட. ரெயில் பெட்டியொன்றை ஆற்றில் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே படுக்கையறை, குளியலறை, குசினி, குளிருக்கு ஒரு விறகு அடுப்பு. அந்தத் துறையில் படகிலேயே குடியிருக்க அனுமதியுள்ள இடங்கள் மூன்றே மூன்று. அதில் ஒன்று இந்தப் படகோடு சேர்ந்து வந்தது.

சுஜீவாவைக் குறை சொல்ல முடியாது. கலியாணம் முடித்த ஒன்பது வருடத்தில் ஆறு வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சட்டம். பொரிக்கக் கூடாது, செடி வைக்கக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கவே கூடாது. அவர்களுடைய கலியாணப் படம் ஒன்பது வருடமாகச் சுவரில் ஏறாமல் அலுமாரிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. இப்போது இருக்கிற வீட்டையும் விற்கப்போவதாகக் கடிதம் வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் வெளிக்கிட வேண்டும்.

படகைப் பார்க்கப் போன முதல் நாள் சுஜீவா கேட்ட முதல் கேள்வி, "சுவரில ஆணி அடிக்கலாமோ?" என்பதுதான். படகுக்காரி ஷெரில் எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. புருசன் தன் கையால் கட்டிய படகு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு முழங்கால் வலியோடு தனியே பராமரிக்க இயலாமல் ஷெரில் விற்கிறார். உள்பக்கமெல்லாம் மரப்பலகைதான், ஆசைப்பட்ட இடமெல்லாம் அடி என்று சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சுஜீவா காருக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடிச் சுகிர்தன் கேட்டு வருசக்கணக்காகியிருந்தது.

அவனுக்கோ படகென்றாலே ஆகாது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு மீன்பிடிப் படகில் நாற்பத்தொரு பேரோடு சேர்ந்து, பதினெட்டு நாள் கடலில் கிடந்து அவுஸ்திரேலியா வந்தவன் அவன். அந்தக் கதையைப் பிறந்தநாள் வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைப்பான். "ஏஜென்சிக்காரன் ஏசி ரூம் எண்டு சொன்னவன். ஏறிப் பாத்தால் ஐஸ் பெட்டியப்பா!" என்பான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். சுஜீவாவும் பத்துத் தரம் கேட்டுச் சிரித்திருக்கிறாள். ஆனால் கதை எட்டாம் நாளோடு நின்றுவிடும். ஒன்பதாம் நாள் என்ன நடந்தது என்று அவன் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அதற்குப் பிறகு தண்ணீரில் மிதக்கிற எதிலும் கால் வைத்ததுமில்லை. சிட்னியில் இத்தனை வருடம் இருந்தும் துறைமுகத்து ஃபெரியில் ஏறினதில்லை. கேட்டால் தலையிடி என்பான். மனைவியிடம் பயம் என்று சொல்ல ஆம்பிளை ரோசம் விடவில்லை. வேறென்ன?

ஆகவே தந்திரம் செய்தான். "படிச்ச ஆள் ஒண்டைக் கூப்பிட்டுப் படகைச் சோதிப்பம். அங்கிளும் வந்து பாக்கட்டும். ரெண்டு பேரும் ஓம் எண்டால் வாங்குவம். சத்தியமாய் வாங்குவம்" என்றான்.

"அங்கிளோ?" சுஜீவாவின் கண் வெளியே வந்துவிட்டது. "கோயிலுக்குப் போனாலும் படி உயரமெண்டு நொட்டை சொல்லுற மனிசனப்பா அது!"

"பெரிய விசயம் சுஜீவா. மூத்த ஆள் ஒண்டு பாக்க வேணுமெல்லோ?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சரி என்றாள். சத்தியம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள் என்பது அவனுக்குப் பிறகுதான் விளங்கியது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் படகுத்துறையில் நின்றார்கள். படகைத் தண்டவாளத்தில் இழுத்துக் கரையேற்றி வைத்திருந்தார்கள். அடிப்பக்கத்தைச் சோதிக்க வந்தவள் ஹிபா. அக்கரைப்பற்றில் பிறந்து சிட்னியில் வளர்ந்த பிள்ளை. கப்பல் கட்டுகிற படிப்புப் படித்து, படகு வாங்குகிறவர்களுக்காகப் படகு சோதித்துக் கொடுக்கிற வேலை செய்கிறாள். தலைத்துணிக்கு மேலே ஹெல்மெட், கையில் சின்னச் சுத்தியல், தோளில் இரும்பின் தடிப்பை அளக்கிற கருவி. அங்கிள் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, நீர் தனியவோ வந்தனீர்?"

"ஓம் அங்கிள். படகு தூக்கவா வந்தன்? பாக்கத்தானே?" என்று சொல்லிவிட்டு அவள் படகுக்கு அடியில் பூந்துவிட்டாள்.

டொக் டொக் என்று தட்டிக்கொண்டே போனாள். தட்டிய இடத்தில் கருவியை வைத்து அளவைச் சொல்ல, சுஜீவா கொப்பியில் எழுதினாள். ஆறு மில்லிமீற்றர் இரும்பு, இருபது வருடத்தில் எவ்வளவு துருப்பிடித்துத் தேய்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. "ஐஞ்சே முக்கால்... ஐஞ்சே அரை... ஐஞ்சே முக்கால்..." ஒவ்வொரு தட்டலுக்கும் சுகிர்தன், இப்ப ஓட்டை விழும், இந்தா விழுகுது, என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டு நின்றான். விழவில்லை. அங்கிளும் தன் பங்குக்கு முட்டிக்கையால் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

கரையில் நிற்கும்வரை சுகிர்தனுக்கு ஒரு குறையுமில்லை. படகு தரையில்தானே நிற்கிறது! ஏணி போட்டு ஏறி உள்ளே போய்க் கட்டிலில் இருந்து பார்த்தான். யன்னலைத் திறந்து மூடினான். உள்ளதைச் சொன்னால், வீடு வடிவாய்த்தான் இருந்தது. இது இப்படியே கரையில் நின்றுவிட்டால் எவ்வளவு நல்லது என்று நினைத்தான்.

"அடிப்பக்கம் நல்லாயிருக்கு அக்கா" என்றாள் ஹிபா, உடுப்பிலிருந்த துருவைத் தட்டியபடி. "துருப்பிடிக்காமக் காக்கிற துத்தநாகக் கட்டி மட்டும் கரைஞ்சு போச்சு. அதை மாத்தணும். பத்தாயிரம் படகுல ஒம்பதாயிரத்துக்கு இந்த வேலை இருக்கும். இனித் தண்ணியில இறக்கிப் பாப்பம்."

இறக்கினார்கள். படகு தண்டவாளத்தில் சறுக்கித் தண்ணீருக்குள் போய் ஒருதரம் அசைந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். அவனும் ஏறினான். ஏறின கையோடு குசினி மேசையின் விளிம்பைப் பிடித்தவன்தான், பிறகு விடவில்லை. படிச்ச ஆள் ஓம் சொல்லியாச்சு. இனி அங்கிள்தான் கதி.

அங்கிள் பெட்டியைத் திறந்தார். பெரிய டாக்குத்தர் மாதிரிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போளையைத் தரையில் வைத்தார். போளை இடப்பக்கமாக உருண்டது.

"சரிவு!" என்றார் அங்கிள். சுகிர்தனுக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஷெரில் தேத்தண்ணிக் கோப்பைகளோடு வலப்பக்கம் நடந்தார். போளை நின்று யோசித்துவிட்டு வலப்பக்கம் உருண்டது. அங்கிள் அதைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் போனார். இன்னும் வேகமாய் உருண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

"என்ன சனியனடா இது? ஒரு பக்கம் நிக்குதில்லையே!"

"அங்கிள், வீடு சரிவில்லை. நீங்கதான் பாரம்" என்றாள் ஹிபா. "நடுவில வந்து நில்லுங்க, மட்டமா நிக்கும்."

அங்கிள் நடுவில் வந்து நின்றார். மட்டக்கோலை வைத்தார். குமிழி அச்சொட்டாய் நடுவில் நின்றது. தன்னுடைய உடம்பை வைத்து ஒரு வீட்டை மட்டப்படுத்தலாம் என்பது அவருக்கு வாழ்க்கையில் புதிய செய்தி. ஒரு அடி இடப்பக்கம் வைத்துப் பார்த்தார், ஒரு அடி வலப்பக்கம் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோசம் வரப்பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு திசைகாட்டியை எடுத்து முன்வாசலுக்குப் போனார்.

"தெற்கு!" என்று அங்கிருந்து சத்தம் போட்டார். "தெற்கு வாசல்! தம்பி, விட்டிடு. இந்த வீடு சரிவராது."

சுஜீவாவின் முகம் விழுந்துவிட்டது. கொப்பியை மூடி மடியில் வைத்தாள். சுகிர்தன் கவலைப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டான். "அங்கிளே சொல்லிப்போட்டார், என்ன செய்யிறது?" என்று சொல்லவும் வாயெடுத்தான்.

ஷெரில் என்ன பிரச்சினை என்று கேட்டார். ஹிபா ஆங்கிலத்தில் சொன்னாள். வாசல் தெற்கைப் பார்ப்பது இவர்களுக்குச் சரிவராது. ஷெரில் கோப்பையை வைத்துவிட்டு அங்கிளை ஆச்சரியமாய்ப் பார்த்தார்.

"அதற்கென்ன? எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றார்.

சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் இயந்திரத்தை முடுக்கினார். ஹிபா கயிற்றை அவிழ்த்தாள். எப்படியும் ஓட்டிப் பார்க்க வேண்டியதுதான் என்றாள். சுகிர்தன் மேசையை இரண்டு கையாலும் பிடித்தான். பதினைந்து மீற்றர் வீடு கரையை விட்டு மெல்ல விலகி ஆற்றின் நடுவுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியது.

அங்கிள் முன்வாசலில் திசைகாட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "தென்கிழக்கு" என்றார். "கிழக்கு" என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. "வடகிழக்கு... வடக்கு! குபேரன்ர திசை! நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ!"

"இனிமேல் பின்பக்கமாக விட்டுக் கட்டினால் இப்படியே நிற்கும்" என்றார் ஷெரில். "அலுத்துப்போனால் திருப்பிக் கட்டலாம்."

அங்கிள் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். தெற்கு வாசல், மேற்கு வாசல் என்று பதினொரு வீட்டை வேண்டாமென்றவர்! ஒருத்தராவது வீட்டைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்களா? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பி," என்றார், "கண்ணை மூடிக்கொண்டு வாங்கு."

பன்னிரண்டாவது வீடு! இந்த மனிசன் வாழ்க்கையில் முதன்முதலாக ஓம் சொல்கிறது, அதுவும் இன்றைக்கு, அதுவும் இதற்கு! சுகிர்தனுக்கு அங்கிளைத் தூக்கி ஆற்றில் போட்டால் என்ன என்று வந்தது. சுஜீவா எழுந்து நின்று கைதட்டினாள். அளவுநாடாவை எடுத்துக்கொண்டு யன்னல் யன்னலாக ஓடி, திரைச்சீலைக்கு அளக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் அவனுடைய காலுக்குக் கீழே, எங்கோ பின்பக்கத்தில், கிளிக் என்றது. தொடர்ந்து ஒரு உறுமல். படகின் பக்கவாட்டிலிருந்து ஒரு குழாயளவு தண்ணீர் ஆற்றுக்குள் பீய்ச்சி அடித்தது.

"தண்ணி!" என்று கத்தினான் சுகிர்தன். அவன் கத்திய கத்தில் அங்கிளின் கோப்பை கவிழ்ந்தது. "உள்ளுக்குத் தண்ணி வருது! பம்ப் ஓடுது! ஓட்டை, ஓட்டை!"

மேசையை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாய்ந்து, இயந்திரத்துக்கு மேலிருந்த மூடியைத் தூக்கினான். கீழே உண்மையாகவே தண்ணீர் மினுங்கியது. ஒரு பக்கம் பயம், மறுபக்கம், பார்த்தீர்களா என்று ஒரு வெற்றி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் அவனுடைய முகம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கோணிப் போயிருந்தது.

ஹிபா அவசரப்படவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து டோர்ச் அடித்துக் காட்டினாள். புரொப்பெல்லரைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு, படகின் உடம்பைத் துளைத்து வெளியே போகிற இடம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் திரண்டு, தொங்கி, விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு துளி.

"இந்த இடம் கசியத்தான் வேணும் அண்ணா. கசியாட்டித் தண்டு காய்ஞ்சு சூடாயிரும். போன கிழமை பெய்த மழையும் சேர்ந்திருக்கு. சேர்ந்தது ஒரு அளவுக்கு வந்ததும் பம்ப் தன்பாட்டுக்கு ஓடி வெளியே தள்ளும். அதுக்குத்தான் பம்ப். இது பழுதில்லை."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஹிபா ஓம். அங்கிள் ஓம். ஷெரில் நாளைக்கு இன்னொரு ஆள் பார்க்க வருவதாக முதலே சொல்லியிருந்தார். சுஜீவா அளவுநாடாவைப் பிடித்தபடி நின்றாள். அவனுடைய ஓமுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். குசினி சின்னன் என்று சொல்லலாம். வேலைக்குத் தூரம் என்று சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்தன. அவளுடைய முகத்தைப் பார்த்தால் இரண்டும் வெளியே வரமாட்டேன் என்றன.

"எனக்குப் பயம் சுஜீவா," என்றான்.

"என்ன பயம்?"

"தண்ணி பயம். படகு பயம். அங்கிள் வேண்டாமெண்டு சொல்லுவார் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"அட பாவி!" என்றார் அங்கிள்.

சுகிர்தன் மூடிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் இருந்துவிட்டான். பிறகு ஒன்பதாம் நாள் கதையைச் சொன்னான். அன்றைக்கு இயந்திரம் நின்றது. இயந்திரம் நிற்கப் பம்பும் நின்றது. படகின் அடியில் எங்கோ பலகை விட்டிருந்தது, இருட்டில் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. எண்ணெய்க் கான்களை வெட்டி வாளியாக்கி, மணிக்கணக்கு வைத்து முறைபோட்டு இறைத்தார்கள். கடற்படைக் கப்பல் வந்து ஏற்றும்வரை, ஒன்பது நாள். ஐந்து நிமிசம் நிறுத்தினால் கணுக்காலில் நின்ற தண்ணீர் முழங்காலுக்கு வரும். உள்ளங்கைத் தோல் உரிந்து கானின் பிடியில் ஒட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீரில் கை வைக்கிற ஒவ்வொரு தரமும் உயிர் போகும். ஒரு மணித்தியாலம் இறைப்பு, ஒரு மணித்தியாலம் நித்திரை. நித்திரை விட்டெழும்பினால் முதலில் காலை மெல்ல நீட்டித் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பான்.

"இப்பவும் அப்படித்தான்," என்றான். "கண் முழிச்சால் காலால நிலத்தைத் தடவிப் பாத்துப்போட்டுத்தான் இறங்குவன். காய்ஞ்சிருந்தால்தான் நெஞ்சு ஆறும்."

சுஜீவா அவனுக்கு எதிரில் வந்து குந்தினாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "நீங்கள் செருப்பைத் தேடுறீங்கள் எண்டெல்லோ நான் நினைச்சனான்! ஒன்பது வருசம் தினம் காலமை செருப்பைக் கட்டிலுக்குக் கிட்ட கிட்டத் தள்ளி வச்சுக்கொண்டு வாறன்."

அழுகிற நேரத்தில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அங்கிள் மூக்கைச் சிந்தினார்.

"ஏன் இதை முதலே சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் படகை விட்டிடுவீர்."

"விடத்தானே வேணும்," என்றாள் அவள். கோபமில்லை, வருத்தம் காட்டுகிற குரலுமில்லை. அளவுநாடாவைச் சுருட்டி உறைக்குள் போட்டாள். திரைச்சீலை அளவெல்லாம் எழுதின தாளைக் கிழித்து மடித்தாள். "வேண்டாமப்பா. எங்களுக்கு இது சரிவராது. ஏழாவது வாடகை வீட்டைப் பாப்பம். ஷெரிலிட்டை நான் சொல்லுறன், நீங்கள் கரைக்கு வாங்கோ."

அவள் எழும்பிவிட்டாள். ஒன்பது வருடமாக அவள் கேட்ட ஒரே ஒரு பொருளை ஒரு நிமிசத்தில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். தனக்காக! அது அவனை அந்தக் கான் கிழித்ததைவிட மோசமாகக் கிழித்தது.

"நில்லும்," என்றான். "ஹிபா தங்கச்சி, உந்தத் துளி... ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

"கொஞ்சம்தான் அண்ணா."

"கொஞ்சமெண்டு சொன்னால் எனக்கு விளங்காது. எனக்கு அளந்து காட்டும். பம்பை நிப்பாட்டுவம். அடியை முழுக்கத் துடைப்பம். இரண்டு மணித்தியாலம் ஓடுவம். எவ்வளவு வருகுதெண்டு நான் என்ரை கண்ணால பாக்கவேணும்."

படகு வாங்க வந்த ஆட்களில் இப்படிக் கேட்ட ஆளை ஹிபா கண்டதில்லை. ஆனால் மறுக்கவில்லை. பம்பின் சுவிச்சை நிறுத்தினாள். பஞ்சும் துணியும் எடுத்து இருவருமாய் அடித்தளத்தை ஈரம் போகத் துடைத்தார்கள். தண்டுக்கு நேர் கீழே ஷெரிலின் தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை வைத்தார்கள். ஷெரில், நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லிப் படகை ஆற்றின் மேல்பக்கமாக விட்டார்.

சுகிர்தன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். சுஜீவா அவனோடு தோள் முட்ட இருந்தாள். இரு கரையிலும் பாறையும் மரமுமாய்ப் போய்க்கொண்டிருந்தன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோப்பையைத்தான் பார்த்தான். முதல் அரை மணித்தியாலம் அவளுடைய கையை நெரித்துப் பிடித்திருந்தான். பிறகு அங்கிள் தான் கொண்டுவந்த றோல்ஸ் பலகாரப் பெட்டியைத் திறந்து நீட்ட, ஒன்றை எடுத்துக் கடித்தான். கடிப்பதற்கு அவளுடைய கையை விடவேண்டி வந்தது. பிறகு பிடிக்க மறந்துபோனான்.

"தம்பி, இந்த ஓட்டத்துக்கு வாசல் இப்ப மேற்கு," என்று முன்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "பரவாயில்லை, ஓடுற வீட்டுக்குக் குற்றமில்லை!"

இரண்டு மணித்தியாலம் முடிந்ததும் ஷெரில் இயந்திரத்தை நிறுத்தினார். ஆறு சத்தமில்லாமல் கிடந்தது. சுகிர்தன் குனிந்து, கையை விட்டுக் கோப்பையைத் தூக்கினான். உள்ளே பார்த்தான். பிறகு அடித்தளத்தில் உள்ளங்கையை வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவினான். கை காய்ந்திருந்தது.

கோப்பையில் ஒரு விரற்கடைத் தண்ணீர். அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற அளவு.

"இவ்வளவுதானோ?" என்றான். கோப்பையை ஹிபாவுக்குக் காட்டினான். அவன் மறுபடியும் கேட்டான். "ரெண்டு மணித்தியாலத்துக்கு இவ்வளவுதானோ?"

"இவ்வளவுதான் அண்ணா," என்றாள் ஹிபா.

அவன் எழும்பினான். மேசையைப் பிடிக்கவில்லை. படகின் ஓரத்துக்குப் போய், கையை நீட்டிக் கோப்பையைக் கவிழ்த்தான். அந்த ஒரு வாய்த் தண்ணீர் ஆற்றில் விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை. பிறகு திரும்பி சுஜீவாவைப் பார்த்தான். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"சுஜீவா, இதை நான் இறைப்பன்," என்றான். "ஒரு கையால இறைப்பன். பம்பே வேண்டாம்!"

சுஜீவா அவனுடைய கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். முகத்தைத் துடைத்தாள்.

"பம்பும் இருக்கட்டுமப்பா," என்றாள்.